பஸ் போர்டைப் படிக்கிறான். ‘அம்மா’ என்று கூப்பிடவில்லை

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம். இரண்டு வயதிலேயே ஏ முதல் இஸட் வரை சொன்னான். யாரும் சொல்லித் தரவில்லை. யூடியூப் பார்த்துக் கற்றதுதான். இப்போது பஸ்ஸில் ஏறினால் ‘எமர்ஜென்சி எக்ஸிட்’ என்று படிக்கிறான். பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட விடுவதில்லை. நூறிலிருந்து தலைகீழாக எண்ணுவான். இரண்டு மாதமாகத் தமிழ்க் கடைப் பலகைகளையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். ஆனால் என்னை ‘அம்மா’ என்று கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து ஃப்ரிட்ஜ் பக்கம் இழுத்துப் போவான். ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டால் ‘சாப்பிட்டியா?’ என்றே திருப்பிச் சொல்வான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல நேரம் திரும்புவதில்லை. மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொள்வான். மாமியார் ‘இவன் கலெக்டர் ஆவான்’ என்கிறார். கணவர், தானும் லேட்டாகத்தான் பேசினேன் என்கிறார். எல்.கே.ஜி. மிஸ் டாக்டரிடம் காட்டச் சொல்கிறார். இணையத்தில் தேடியதில் ஹைப்பர்லெக்சியா என்று வந்தது. அதில் மூன்றாவது வகை தானாகச் சரியாகிவிடும் என்றும் படித்தேன். இது ஆட்டிசமா, ஹைப்பர்லெக்சியாவா? எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒளித்துவைக்கச் சொல்கிறார்கள் சிலர். என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத தாய், கரூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எதையும் ஒளித்துவைக்காதீர்கள். பேச்சு போய்ச் சேராத இடத்துக்கு உங்கள் மகனிடம் எழுத்து போய்ச் சேர்கிறது. திறந்திருக்கிற ஒரே கதவையும் சாத்துவானேன்? அதே சமயம், இவ்வளவு நன்றாகப் படிக்கிறானே என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடவும் கூடாது. மிஸ் சொன்னது சரி.

அடுத்து, ஆட்டிசமா ஹைப்பர்லெக்சியாவா என்பது. ஐந்து வயதுக்கு முன்பே, யாரும் உட்கார்ந்து சொல்லித்தராமல், வயதை மீறிச் சொற்களைப் படிப்பது. எழுத்தின் மீதும் எண்ணின் மீதும் விடாத ஈர்ப்பு. படிக்கிற அளவுக்குப் பொருள் புரியாமல் இருப்பது. இவை சேர்ந்திருந்தால் ஹைப்பர்லெக்சியா என்கிறோம். 1967இல் அமெரிக்காவில் நார்மன் சில்பர்பெர்க், மார்கரெட் சில்பர்பெர்க் இருவரும் வைத்த பெயர் இது. மனநல மருத்துவர்கள் கையாளும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் ஆட்டிசம் ஒரு நோயறிதலாக இருக்கிறது, ஹைப்பர்லெக்சியா இல்லை. ஆகவே ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்காது என்று இல்லை. ஒரே குழந்தையிடம் இரண்டும் இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. 2017இல் கனடாவின் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதுவரை மருத்துவ இலக்கியத்தில் பதிவான ஹைப்பர்லெக்சியா குழந்தைகளில் 84 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் இருந்ததாகக் கணக்கிட்டது. மறுபக்கமாகப் பார்த்தால், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 6 முதல் 20 சதவீதம் பேரிடம்தான் இந்தப் படிக்கும் திறன் காணப்படுகிறது. 84 என்ற எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பேசி, விளையாடி, கூடவே சீக்கிரம் படிக்கவும் செய்கிற குழந்தையை யாரும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதில்லை. அதனால் அப்படிப்பட்ட குழந்தைகள் ஆய்வுகளில் குறைவாகவே இடம்பெறுவார்கள்.

நீங்கள் இணையத்தில் படித்த மூன்று வகைப் பிரிவு, அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த மனநல மருத்துவர் டாரோல்ட் ட்ரெஃபர்ட் செய்தது. முதல் வகை, மற்ற எல்லா வளர்ச்சியும் சரியாக இருந்து முன்கூட்டியே படிக்கும் குழந்தை. இரண்டாவது, ஆட்டிசத்தின் பகுதியாக இந்தத் திறன் வெளிப்படும் குழந்தை. மூன்றாவது, சிறு வயதில் ஆட்டிசம் போன்ற சில குணங்களைக் காட்டி, வளர வளர அவை மங்கிப்போகும் குழந்தை. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் வகை என்பது வளர்ந்த பிறகு திரும்பிப் பார்த்து வைக்கிற பெயர். மூன்றே முக்கால் வயதில் உங்கள் மகன் இரண்டா மூன்றா என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. மூன்றாம் வகையாக இருக்கும் என்று நம்பி ஒரு வருடம் சும்மா இருந்துவிடுவதுதான் இந்த விஷயத்தில் பெற்றோர் செய்கிற பெரிய தவறு. எந்த வகையாக இருந்தாலும் இந்த வயதில் செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான். அதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், படிக்கிறான் ஆனால் புரியவில்லை என்பது எப்படி என்று பார்ப்போம். கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் ஒரு எளிய சமன்பாடு சொன்னார்கள்: வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டி வருவதல்ல. ஒலியாக்குவது எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் மற்றது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் விடையும் அங்கேதான் நிற்கும். தமிழ் எழுத்து இதற்கு இன்னும் தோதானது. உயிர்மெய்யின் கட்டமைப்பு ஒருமுறை பிடிபட்டுவிட்டால், 247 எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘கொ’வில் கொம்பு முன்னால், கால் பின்னால், ‘க’ நடுவில் என்பது மற்றப் பிள்ளைகளுக்குச் சிரமம். ஒழுங்குகளைத் தேடி அலைகிற இந்தக் குழந்தைகளுக்கு அது ஒரு விருந்து. ‘பழைய இரும்பு, பேப்பர் வாங்கப்படும்’ என்று தடங்கலில்லாமல் படிப்பதால் அதன் பொருள் தெரியும் என்று ஆகிவிடாது.

எவ்வளவு புரிகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். உள்ளங்கை அளவு அட்டையில் கறுப்பு மார்க்கரால் ஒன்றுக்கு ஒன்றாக எழுதுங்கள்: ‘மூக்கைத் தொடு’, ‘கை தட்டு’, ‘பந்து எடு’, ‘கதவை மூடு’, ‘குதி’, ‘அப்பாகிட்ட போ’. அவன் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, கையால் காட்டக் கூடாது. முக்கியமாக, பந்து இருக்கிற பக்கம் உங்கள் கண் போகக் கூடாது. இந்தக் குழந்தைகளில் பலர் அதைப் பார்த்தே செய்துவிடுவார்கள். படித்துவிட்டுச் செய்தால் அந்தச் சொல் புரிகிறது. படித்துவிட்டு அடுத்த அட்டைக்குக் கை நீட்டினால் ஒலி மட்டும்தான். இன்னொரு நாள் அதே ஆறையும் வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்லிச் செய்யாததை எழுதிக் காட்டிச் செய்தான் என்றால், கற்பிக்கும் வழி கிடைத்துவிட்டது. முடிவைத் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். பேச்சு சிகிச்சையாளருக்கு இது எந்த ரிப்போர்ட்டையும்விட உபயோகமாக இருக்கும்.

ஆட்டிசம் இருக்கிறதா என்பதை வாசிப்பை வைத்து முடிவு செய்ய முடியாது. வாசிப்பைத் தவிர மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும். தெருவில் யானை போனால் விரலால் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? இது வேண்டும் என்று கேட்பதற்காகக் காட்டுவது வேறு, ‘அங்க பாரேன்’ என்று பகிர்வதற்காகக் காட்டுவது வேறு. இரண்டாவதுதான் முக்கியம். எழுத்தின் மீது விரல் வைத்துப் படிப்பதைச் சுட்டிக்காட்டுதல் என்று எண்ணிவிடாதீர்கள். காலி டம்ளரில் காபி குடிப்பது மாதிரி நடிக்கிறானா, பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறானா? நீங்கள் செய்கிற வேடிக்கையைத் திரும்பச் செய்கிறானா? மற்ற பிள்ளைகள் ஓடினால் கூட ஓடுகிறானா, ஓரமாக நின்று வேனில் எழுதியிருப்பதைப் படிக்கிறானா? முன்பு பேசிய சொற்கள் ஒன்றரை இரண்டு வயதில் காணாமல் போயினவா? இவற்றுக்கான பதில்கள்தான் டாக்டருக்கு வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. தாமதமாகப் பேசிப் பின்னால் சரியாகிவிடும் குழந்தைகள் உண்டு. ஆனால் பேச்சு மட்டும் தாமதமான குழந்தை, பேச்சில் இல்லாததைக் கையாலும் முகத்தாலும் ஈடுகட்டும். விரலை நீட்டும், தலையாட்டும், இழுத்துக் கொண்டுபோய் உங்கள் கண்ணைப் பார்த்துக் கேட்கும். உங்கள் மகன் கையை மட்டும் பிடித்து இழுக்கிறான், பெயருக்குத் திரும்புவதில்லை, கேள்வியையே திருப்பிச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து நோயறிதல் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இவ்வளவும் சேர்ந்திருக்கும்போது காத்திருந்து பார்க்கலாம் என்று எந்தப் பொறுப்பான மருத்துவரும் சொல்ல மாட்டார்.

போகும்போது முதல் வேலை காது பரிசோதனை. மிக்ஸிக்குக் காதைப் பொத்துகிறானே, காது நன்றாகத்தானே கேட்கிறது என்று நினைப்பீர்கள். மிக்ஸி சத்தம் கேட்பதற்கும் ‘ஸ’, ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் தெளிவாகக் கேட்பதற்கும் தூரம் அதிகம். நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் பேச்சு மங்கலாகக் கேட்கும். ஓ.ஏ.இ. என்ற உள்காதுப் பரிசோதனை சில நிமிட வேலை. தேவைப்பட்டால், ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா சோதனை எடுப்பார்கள். அதற்குக் குழந்தை தூங்க வேண்டும், அதனால் அன்றைக்குச் சீக்கிரம் எழுப்பிவிட்டுப் போங்கள்.

பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவர் அல்லது குழந்தைகள் மனநல மருத்துவர். கூடவே மருத்துவ உளவியலாளர், பேச்சு மொழி சிகிச்சையாளர். தனியாரில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. குழந்தைகள் நலனுக்கான அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்ப இடையீட்டு மையத்தில் (டி.இ.ஐ.சி.) இதையெல்லாம் கட்டணமில்லாமல் செய்கிறார்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று விசாரியுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒன்றிய அரசின் நிப்மெட் (NIEPMD) நிறுவனமும் இருக்கிறது. இணையத்தில் சுற்றும் எம்-சாட் என்ற 20 கேள்வி ஆட்டிசப் படிவத்தை இப்போது நிரப்பிப் பார்க்காதீர்கள். அது 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். அதில் வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. இந்தியாவில் ஆட்டிசத்தை மதிப்பிட ஐசா (ISAA) என்ற அளவுகோலைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐ எட்டினால் ஆட்டிசத்தின் எல்லைக்குள் வருகிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் இதையே கேட்பார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் இப்போதே வாங்க வேண்டுமா என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். சிகிச்சை தொடங்க அது தேவையில்லை.

டாக்டரிடம் காட்ட வீடியோ எடுத்துப் போங்கள். பெற்றோர் கொண்டுவருவதெல்லாம் பிள்ளை படிக்கிற வீடியோதான். அதில் ஒன்று போதும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மற்றவற்றை எடுங்கள்: சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, வேறு பிள்ளைகள் வந்திருக்கும்போது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்போது. பரிசோதனை அறையில் இந்தக் குழந்தைகள் ஆளை ஏமாற்றிவிடுவார்கள், இரண்டு பக்கமும். படம் பார்த்துப் பெயர் சொல்லும் பகுதியில் வயதைத் தாண்டி மதிப்பெண் வாங்குவார்கள். ‘மழை பெய்தால் என்ன செய்வாய்?’ என்றால் ஒன்றும் வராது. அல்லது மேசையில் இருக்கிற படிவத்தைப் படிப்பதிலேயே மூழ்கி, தெரிந்ததைக்கூடச் செய்ய மாட்டார்கள். சாவி, காலண்டர், படிவம் எல்லாவற்றையும் அவன் கண்ணில் படாமல் வைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். இன்றைக்கே தொடங்கலாம்.

அவன் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான் அல்லவா? அதை நிறுத்த முயலாதீர்கள். அதைக் கவனித்துக் கேளுங்கள். தாகம் எடுக்கும்போது ‘தண்ணி வேணுமா?’ என்கிறானா? பல குழந்தைகள் சொல்வார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் அவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்டது அந்த வாக்கியத்தைத்தான். அதையே தண்ணீரின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். 1943இல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்தபோதே ‘நான்’ வர வேண்டிய இடத்தில் ‘நீ’ வருவதைக் குறித்திருக்கிறார். அவர் எழுதிய முதல் குழந்தையும் இரண்டு வயதுக்குள் ஆங்கில எழுத்துகளை நேராகவும் தலைகீழாகவும் சொன்னவன்தான். தமிழில் நாம் பாதி நேரம் நான், நீ என்பதையே விட்டுவிட்டுப் பேசுகிறோம், ஆகையால் இந்தக் குழப்பம் வினையின் வாலில்தான் தெரியும்: ‘வேணும்’ என்ற இடத்தில் ‘வேணுமா’, ‘வரேன்’ என்ற இடத்தில் ‘வரியா’.

ஆகவே நீங்கள் பேசுவதை மாற்றுங்கள். அவன் வாயிலிருந்து எந்த வாக்கியம் வர வேண்டுமோ, அதையே அவன் சார்பில் சொல்லுங்கள். டம்ளரை நீட்டி, ‘தண்ணி வேணும்’. அவ்வளவுதான். ‘தண்ணி வேணும்னு சொல்லு’ என்றால், ‘தண்ணி வேணும்னு சொல்லு’ என்று முழுசாகத் திரும்பி வரும். எழுதும்போதும் அதே விதி. அட்டையில் ‘சொல்: தண்ணி வேணும்’ என்று எழுதினால் ‘சொல்’லையும் சேர்த்தே படிப்பான். அவன் சொல்லக் கூடாத ஒரு எழுத்துகூட அட்டையில் இருக்கக் கூடாது.

எழுதுவதைப் பேச்சுத்தமிழில் எழுதுங்கள். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று எழுதிக்கொடுத்தால் அவன் அப்படியே பேசுவான், எல்.கே.ஜி. பிள்ளைகள் சிரிப்பார்கள், வீட்டில் யாரும் பேசாத மொழி ஒன்று அவனுக்கு மட்டும் அமைந்துவிடும். வாயில் வர வேண்டியதற்குப் பேச்சுத்தமிழ், கதைப்புத்தகத்துக்கு எழுத்துத்தமிழ். இரண்டும் வேறு என்பது பிறகு தானே பிடிபடும். ‘ஒரே மொழியில் பேசுங்கள், இங்கிலீஷ் மட்டும் போதும்’ என்று சில இடங்களில் சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு மொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நீங்கள் சரளமாகக் கொஞ்சுவதும் கோபப்படுவதும் தமிழில். அவனிடம் இருக்கிற ஆங்கிலம் வீடியோவின் ஆங்கிலம்; அதில் பதில் சொல்ல எதிரில் ஆள் இல்லை.

முதல் வாரம் ஐந்தே அட்டை. அவன் தினமும் ஆசையாகக் கேட்கும் ஐந்து பொருளோ செயலோ: ‘தண்ணி வேணும்’, ‘பிஸ்கட் வேணும்’, ‘தூக்கு’, ‘வெளிய போலாம்’, ‘போதும்’. கடைசியை மறக்காதீர்கள், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளைதான் தட்டைத் தள்ளிவிடும், கடிக்கும். அட்டை அந்தந்த இடத்தில் இருக்கட்டும்: தண்ணீர் அட்டை ஃப்ரிட்ஜ் கதவில், வெளியே போகிற அட்டை செருப்பு ஸ்டாண்டில். உங்கள் கையை இழுத்துப் போகும்போது, அட்டையை எடுத்து உங்கள் முகத்துக்குப் பக்கத்தில், வாய்க்கு அருகே பிடியுங்கள். அவன் படிப்பான். படித்த நொடியே தண்ணீரைக் கொடுங்கள். ‘அம்மாவைப் பாத்துச் சொல்லு’, ‘இன்னொரு தரம்’ எதுவும் வேண்டாம். சொல் வந்தால் காரியம் நடக்கிறது என்பது மட்டும் பதியட்டும். படிக்கவில்லை என்றால் நீங்களே ஒருமுறை சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுங்கள். தாகத்தைப் பணயமாக வைத்துப் பேச்சை வாங்கக் கூடாது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அட்டை நன்றாக வேலை செய்கிறது என்று மாதக்கணக்கில் அதையே காட்டிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அட்டையைக் காட்டினால்தான் பேசுவேன் என்று பிள்ளை நிற்கும். ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து நாலைந்து நாள் தடையில்லாமல் படித்துக் கேட்கிறான் என்றால் குறைக்கத் தொடங்குங்கள். அட்டையை மடித்து ‘தண்ணி வே’ வரை தெரியும்படி. பிறகு ‘த’ மட்டும். பிறகு வெற்று அட்டை. பிறகு அட்டை இல்லாமல், முகத்தை அவன் உயரத்துக்குக் கொண்டுவந்து, புருவத்தை உயர்த்தி, மனசுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் காத்திருங்கள். அந்தப் பத்து எண்ணுவது எளிதல்ல. நம் வீடுகளில் மூன்று எண்ணுவதற்குள் பாட்டி பதிலைச் சொல்லிவிடுவார். ஒரு படியில் தடுமாறினால் முந்தைய படிக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள். பழைய அட்டை ஒன்று உதிரும்போது புதிது ஒன்று சேரட்டும். ஒரே நேரத்தில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம்.

‘அம்மா’ என்று கூப்பிடுவதையும் இப்படித்தான் கொண்டுவர வேண்டும். போட்டோவைக் காட்டி ‘இது யாரு?’ என்று கேட்டு வருகிற ‘அம்மா’ ஒரு படத்தின் பெயர்தான். நீங்கள் கதவுக்குப் பின்னால் நில்லுங்கள். கதவில் ‘அம்மா!’ என்று ஒட்டுங்கள். அப்பா அவனோடு நிற்க, அவன் அதைப் படித்த உடனே கதவைத் திறந்து எட்டிப் பார்த்துத் தூக்கிக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் ஆள் வருகிறார் என்பதை விளையாட்டாகவே கற்றுக்கொள்வான். ஒரு நாளில் நாலைந்து தரம் போதும். நாள் போகப் போக ஒட்டிய காகிதத்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்பதைக் குறையுங்கள். ‘இது என்ன? இது என்ன கலர்? மாமாவுக்கு ஸ்பெல்லிங் சொல்லு’. வருகிறவர்கள் எல்லோரும் அவனைப் பரீட்சை வைக்கிறார்கள் இல்லையா? அது பேச்சுப் பழக்கம் ஆகாது. நாலு முறை நடப்பதைச் சொன்னால் ஒருமுறை கேள்வி கேட்கலாம். ‘பால் பொங்குது. சூடு. ஊதலாம். ஃபூ.’ சின்னச் சின்னதாக, கண்முன் நடக்கும்போதே. மாமியாரிடம் சண்டை வேண்டாம். ஸ்பெல்லிங் கேட்பதற்குப் பதிலாக அவன் எழுத்துக் காந்தங்களை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாக அவனிடம் தரச் சொல்லுங்கள். ‘அ தா’, ‘இந்தா’. கொடுக்கல் வாங்கல் நடக்கும், முகம் பார்ப்பான். கலெக்டர் ஆகிறவனுக்கும் மனு கொடுக்க வந்தவரின் முகத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும் அல்லவா!

அன்றாட ரகளைக்கும் எழுத்து உதவும். ஒரு சின்ன ஸ்லேட்டில் மூன்று வரி: ‘பல் தேய்க்கணும். குளிக்கணும். பூங்கா.’ முடிய முடிய அவனே அழிக்கட்டும். பூங்கா மூடியிருந்தால், அங்கே போய் நின்று சொல்லாமல், வீட்டிலேயே அந்த வரியை அடித்து ‘இன்னிக்கு பூங்கா இல்ல. ஊஞ்சல் வீட்ல’ என்று எழுதுங்கள். அழுகை உச்சத்தில் இருக்கும்போது அட்டையை நீட்டினால் கிழித்துவிடுவான். முன்கூட்டிக் காட்ட வேண்டும். முடிவெட்டுவது, ஊசி, கல்யாண வீடு போன்றவற்றுக்கு முந்தைய நாள் ஒரு பக்கம் எழுதி இரண்டு தடவை சேர்ந்து படியுங்கள்: ‘நாளைக்கு முடி வெட்டப் போறோம். அண்ணன் கழுத்துல துணி கட்டுவாரு. மெஷின் ர்ர்ர்னு சத்தம் போடும். அப்பா பக்கத்துல நிப்பாரு. முடிஞ்சதும் வீட்டுக்கு வருவோம்.’ நடக்கப்போவதை மட்டும் எழுதுங்கள். ‘நீ அழக் கூடாது’ என்று எழுதினால் அந்த வரியையே பாடிக்கொண்டு அழுவான்.

பொருள் புரியும் வாசிப்பு மெல்ல வரும். ‘கார் கட்டிலுக்குக் கீழ’, ‘கரடி பெட்டிக்குள்ள’ என்று எழுதி, படித்ததைப் பொம்மைகளை வைத்துச் செய்துகாட்ட விடுங்கள். யார், என்ன, எங்கே என்ற கேள்விகள் முதலில். ஏன், எப்படி வர வருடங்கள் ஆகலாம், அவசரம் வேண்டாம். ஐந்து வயதுக்குமேல் ஒரு சோதனை: ‘நாய் பூனையைத் துரத்தியது’, ‘நாயைப் பூனை துரத்தியது’. தமிழில் யார் யாரைத் துரத்தினார் என்பது அந்த ‘ஐ’யில் இருக்கிறது. இரண்டையும் அட்சரம் பிசகாமல் படித்துவிட்டு, இரண்டுக்குமே நாயைத் துரத்தவிட்டால் வேற்றுமை உருபு இன்னும் புரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பள்ளியில் சொல்ல வேண்டியது இரண்டு. ‘நல்லாப் படிக்கிறான், யு.கே.ஜி.யில் போட்டுவிடலாம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு வேண்டிய பாடம் வரிசையில் நிற்பதும் பந்தைப் பகிர்வதும், அது எல்.கே.ஜி.யில்தான் நடக்கிறது. மிஸ் வாயால் சொல்லும் கட்டளைகளில் முக்கியமான நாலைந்தை அவன் மேசையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். முதல், இரண்டாம் வகுப்பில் டிக்டேஷன், சொல்வதை எழுதுதல் எல்லாவற்றிலும் நூறு வாங்குவான், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ‘ஏன் அப்படிச் செய்தான், நீயாக இருந்தால்?’ என்று பாடம் கேட்கத் தொடங்கும் மூன்றாம், நான்காம் வகுப்பில் திடீரென்று சரியும். அது சோம்பேறித்தனமாகத் தெரியும், திட்டு விழும். இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

செல்போன்: இரண்டு முதல் ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. வீடியோ பார்த்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்; ‘வெர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று பேசப்படுவது அங்கீகரிக்கப்பட்ட நோயறிதல் அல்ல. தனியாகப் பார்க்கும் நேரம், ஆளோடு இருக்க வேண்டிய நேரத்தைத் தின்கிறது, அதனால்தான் குறைக்கிறோம். ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டை நடுவில் நிறுத்தி, அடுத்த சொல்லுக்கு அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருங்கள்.

ஆட்டிசம் என்ற சொல் ரிப்போர்ட்டில் வந்துவிட்டால், குணப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு பலர் வருவார்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்கிற கீலேஷன் உயிருக்கே ஆபத்து. அந்தப் பணத்தைப் பேச்சு சிகிச்சைக்கும், தேவைப்பட்டால் அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சிகிச்சையாளர் யார் என்று எப்படித் தெரியும்? உங்களை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தாமல், உள்ளே அழைத்து, வீட்டில் செய்ய வேண்டியதைக் கையைப் பிடித்துச் சொல்லித் தருபவர். அவன் எழுத்து ஆசையைப் பார்த்து ‘இதை முதலில் நிறுத்துங்கள்’ என்று சொல்பவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கண் செருகி சில நொடி உறைந்து நிற்பது, தூக்கத்தில் உடல் வெட்டுவது, நேற்றுவரை சொன்ன சொற்களும் செய்த சைகைகளும் நின்றுபோவது ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்க வேண்டியிருக்கலாம்.